டியூப் போட்டால் அடங்கும், விட்டால் திரும்பும் கால் அரிப்பு

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: வலது காலில் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஆறு மாதமாக அரிப்பு. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த டியூபைத் தடவினால் மூன்றே நாளில் அடங்குகிறது. விட்டால் ஒரு வாரத்தில் திரும்பி வருகிறது. இப்போது பாதத்தின் மேல்பக்கமும் ஏறி, வளைவு வளைவாகப் படர்கிறது. அம்மா இது சேற்றுப்புண், மருதாணி அரைத்து வை என்கிறார். கூட வேலை செய்பவர் சர்க்கரையாக இருக்கும் என்று பயமுறுத்துகிறார். தினமும் பன்னிரண்டு மணி நேரம் ஷூவோடு நிற்கிற வேலை. கடைசியில், 'நிரந்தரமாகப் போக எந்த ஆயின்மென்ட் நல்லது?' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. தடவும்போது போகிற ஒன்று, விட்டவுடன் ஏன் திரும்புகிறது? அதற்குப் பதில் பிடிபட்டால் எந்த ஆயின்மென்ட் என்பது தானாகப் பிடிபடும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் தோல் மருத்துவர். இருபது வருடத்துக்கு மேலாகக் காவிரி டெல்டாவில் ஓர் ஊரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடவு நடுகிற பெண்கள், துணிக்கடையில் நிற்கிற பிள்ளைகள், செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர்கள் என்று ஒரு நாளில் நான் பார்க்கிற கால்களே நிறைய. ஆனாலும் உங்கள் காலை நான் பார்க்கவில்லை. தோல் விஷயத்தில் கண்ணால் பார்ப்பதும் விரலால் தொடுவதும்தான் பாதி வைத்தியம். அதனால் கீழே சொல்வதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த டியூபைக் கையில் எடுங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கிற பெயரை விட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கிறதா? இருந்தால் அது ஸ்டீராய்டு. பெரும்பாலும் தனியாக இருக்காது. கூடவே ஒரு பூஞ்சை மருந்தும், நியோமைசின் அல்லது ஓஃப்ளாக்சசின் போல ஒரு கிருமி மருந்தும் சேர்ந்திருக்கும். மூன்று மருந்தும் நான்கு மருந்தும் ஒரே டியூபில் வருகிறது, விலையும் குறைவு, மூன்று நாளில் அரிப்பும் அடங்குகிறது. கடைக்காரர் அதை எடுத்துக் கொடுப்பதில் ஆச்சரியம் இல்லை. நீங்கள் சொல்கிற விதத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் டியூபும் அப்படிப்பட்டதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். டியூபைப் பார்த்தால் நீங்களே உறுதி செய்துகொள்ளலாம்.

உங்களுக்கு இருப்பது படர்தாமரை என்கிற பூஞ்சை நோய் என்றுதான் சந்தேகிக்கிறேன். நம் உடம்பு பூஞ்சையோடு சண்டை போடும்போது உண்டாகிற சிவப்பும் வீக்கமும் நமைச்சலும்தான் நமக்கு நோயாகத் தெரிகிறது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். சிவப்பு மங்கும், செதில் குறையும், அரிப்பு போகும், நமக்குக் குணமான மாதிரி இருக்கும். பூஞ்சைக்கோ எதிர்ப்பே இல்லாத இடம் கிடைத்துவிட்டது. அது நிதானமாகப் படரும். டியூபில் சேர்ந்திருக்கும் பூஞ்சை மருந்து கொஞ்சம் தடுத்தாலும், மூன்று நாள் தடவி நிறுத்தினால் அது எதையும் முடிக்காது. நிறுத்தியதும் உடம்பின் எதிர்ப்பு திரும்பி வரும், முன்னைவிட அதிகமான அரிப்போடு வரும். உடனே கை மறுபடியும் டியூபைத் தேடும். இந்தச் சுற்றுதான் உங்கள் ஆறு மாதம். இது ஊகம் இல்லை, தோல் மருத்துவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்கிற விஷயம். இப்படி ஸ்டீராய்டு பூசிப் பூசி உருமாறிய படர்தாமரையைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியாது. வட்டம் உடைந்து வளைவுகளாகும், வட்டத்துக்குள் வட்டம் தோன்றும், ஓரத்துச் செதில் மறைந்துவிடும். 'வளைவு வளைவாகப் படர்கிறது' என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் பலமானது.

என்னிடம் வருகிறவர்களில் பலர் டியூபைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வருவார்கள். அடியிலிருந்து வாய் வரை தகடு மாதிரி நசுக்கி, கடைசிச் சொட்டு வரை பிதுக்கியிருப்பார்கள். 'டாக்டரம்மா, இது நல்லாத்தான் கேக்குது, ஆனா விட முடியலை' என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது. கூலி வேலை செய்து சேர்த்த காசில் நோயை வளர்க்கிற மருந்தை வாங்கியிருக்கிறார்கள், அதுவும் மாதக்கணக்கில். தோல் மெலிந்து, வரிவரியாகத் தழும்பு விழுந்த பிறகு வருகிறவர்கள் உண்டு. அந்தத் தழும்பை முழுதாக மாற்ற என்னிடமும் மருந்து இல்லை. 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. இன்றைக்கும் வியாதியின் பெயரைச் சொல்லிக் கேட்டாலே கடையில் கிடைக்கிறது.

சரி, விரலிடுக்கில் ஏன் ஆரம்பித்தது? சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில் இருக்கிற இடம்தான் பாதத்திலேயே நெருக்கமானது. காற்று போகாது, வியர்வை காயாது. ஷூவுக்குள் பன்னிரண்டு மணி நேரம் இருந்தால் அங்கே தோல் ஊறி வெளுத்து, வேகவைத்த மாதிரி ஆகிவிடும். பூஞ்சைக்கு உணவு நம் தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின் என்கிற புரதம். ஊறிய தோலில் அது சுலபமாகக் குடியேறும். பின்னாலேயே பாக்டீரியாவும் வந்து சேரும். அப்போதுதான் வெடிப்பு, நாற்றம், எரிச்சல் எல்லாம். பாதத்தில் இதைச் செய்வதில் முக்கியமானது ட்ரைக்கோபைட்டன் ரூப்ரம் என்கிற பூஞ்சை. உள்ளங்கால் முழுக்க மாவு தூவினாற்போல உலர்ந்து செதில் விடுவதும் இதே பூஞ்சையின் வேலைதான். அதைப் பலர் வறட்சி என்று நினைத்து வருடக்கணக்கில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

அம்மா சொன்னதில் பாதி சரி. எங்கள் பக்கம் சேற்றுப்புண் என்றால் எல்லோருக்கும் தெரியும். நடவுக் காலத்தில் காலையிலிருந்து மதியம் தாண்டும் வரை சேற்றில் நிற்கிற பெண்களுக்கு, எல்லா விரலிடுக்கும் வெளுத்து, தோல் உரிந்து, அடியில் சிவந்த சதை தெரியும். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் எரியும். அதில் தண்ணீரில் ஊறியதுதான் முதல் காரணம். அதன்மேல் கேண்டிடா என்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். சிலருக்குப் படர்தாமரைப் பூஞ்சையும் இருக்கும். ஒரு வாரம் சேற்றில் இறங்காமல் காலைக் காய வைத்தாலே பாதி ஆறிவிடும். ஆனால் ஒரு வாரம் இறங்காதே என்று கூலிக்குப் போகிறவரிடம் சொல்வது எவ்வளவு பெரிய வார்த்தை என்று சொல்லும் எனக்கே தெரியும். உங்கள் ஷூவுக்குள் இருப்பதும் ஒரு வகையில் சேறுதான், வியர்வைச் சேறு. ஆனால் பாதத்தின் மேல்பக்கம் ஏறிப் படர்வது வெறும் சேற்றுப்புண்ணின் குணம் இல்லை. அது படர்தாமரையின் குணம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காலில் அரிப்பு என்றாலே பூஞ்சை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதைப் படிக்கிற வேறு யாருக்கும் அரிப்பு இருக்கலாம், அது வேறாகவும் இருக்கலாம். பாதத்தின் மேல்பக்கத்தில் மட்டும் அரித்து, விரலிடுக்கு சுத்தமாக இருந்தால் நான் முதலில் செருப்பைத்தான் கழற்றிக் காட்டச் சொல்வேன். ஹவாய் செருப்பின் வார் பதிகிற இடத்தில், கட்டைவிரல் இடுக்கிலிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து போகிற தடத்தில், அச்சு எடுத்தாற்போலக் கருத்துத் தடித்திருக்கும். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கிற ரசாயனங்கள், தோல் செருப்பில் குரோமியம், ஒட்டுகிற பசையில் இருக்கிற ரெசின் இவை சிலருக்கு ஒவ்வாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடுவதில் பெரும்பகுதி குரோமிய முறைதான். எல்லோருக்கும் இதனால் ஒன்றும் ஆகாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டவருக்கு மட்டும், அதே வகைச் செருப்பைப் போடுகிற வரை ஆறாது. முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளாக அந்தப் பொருள்களை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் என்ற பரிசோதனை இருக்கிறது. காரணம் எதுவென்று பெரும்பாலும் சொல்லிவிடும். இந்த நோய்க்கு ஸ்டீராய்டு களிம்பு சரியான மருந்து என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதனால் ஸ்டீராய்டே விஷம் என்று நினைத்துவிடாதீர்கள். எதற்கு என்று தெரியாமல் தடவுவதுதான் கெடுதல்.

இன்னொன்று, விரல்களின் பக்கவாட்டிலும் உள்ளங்காலிலும் தோலுக்கடியில் ஜவ்வரிசி புதைத்தாற்போல சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் வருவது. எங்கள் பாடப் புத்தகங்களிலேயே ஜவ்வரிசி என்றுதான் உவமை சொல்லியிருக்கும். கொலைவெறி அரிப்பு அரிக்கும், இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து தோல் உரியும், கொஞ்ச நாளில் மறுபடி வரும். இது எக்சிமா என்கிற தோல் அழற்சியில் ஒரு வகை. வியர்வை, மன அழுத்தம், நிக்கல் ஒவ்வாமை இவற்றோடு தொடர்பு இருப்பதாகச் சொல்கிறார்கள். முழுக் காரணம் இன்னும் பிடிபடவில்லை. சிலருக்கு விரலிடுக்குப் பூஞ்சையின் எதிரொலியாகக் கையிலும் இப்படிக் கொப்புளம் வரும், அங்கே பூஞ்சையே இருக்காது. காலைக் குணப்படுத்தினால் கை தானாக ஆறும்.

கணுக்காலின் வெளிப்பக்கம் ஒரே இடம் மட்டும் கருத்து, யானைத்தோல் மாதிரித் தடித்திருந்தால் அது சொறிந்து சொறிந்தே உண்டானது. சொறிவதை நிறுத்துவதுதான் அங்கே மருந்து, மற்றதெல்லாம் துணை. கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் பழுப்பு படிந்து அரித்தால் நரம்புச் சுருட்டல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றே வேலை செய்கிற துணிக்கடைப் பிள்ளைகளிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். 2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள். உங்களுக்கும் நிற்கிற வேலை என்பதால் உங்கள் கணுக்காலையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் அரிப்பு அதிகமாகி, வீட்டில் மற்றவர்களும் சொறிந்துகொண்டிருந்தால் அது சிரங்கு. கைக்குழந்தைகளுக்கு உள்ளங்காலிலும் வரும். கடற்கரை மணலில் வெறுங்காலோடு உட்கார்ந்து வந்த பிறகு, தோலுக்கடியில் கயிறு நெளிவது போல ஒரு கோடு தினமும் கொஞ்சம் நகர்ந்தால், அது நாய் பூனையின் கொக்கிப்புழுக் குஞ்சு. பார்க்க பயமாக இருக்கும், மாத்திரையில் சுலபமாகப் போய்விடும்.

இத்தனையையும் எப்படிப் பிரிப்பது? பூஞ்சையா இல்லையா என்பதற்கு மலிவான, எளிமையான ஒரு பரிசோதனை இருக்கிறது. பிளேடின் மழுங்கிய பக்கத்தால் புண்ணின் ஓரத்தை லேசாகச் சுரண்டுவோம், வலிக்காது. உதிர்கிற செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு மூடி, கால் மணி நேரம் வைப்போம். தோல் செல்கள் கரைந்து தெளிந்துவிடும், பூஞ்சை கரையாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கணுக்கணுவாக, கிளை விட்ட மூங்கில் மாதிரி இழைகள் ஓடும். பிறகு ஊகத்துக்கு இடமில்லை. ஆறு மாதமாக அலைகிற உங்களுக்கு இதை நான் கட்டாயம் செய்வேன். பூஞ்சை மருந்து தடவிக்கொண்டே போனால் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். அதனால் கடைசியாக எப்போது, என்ன தடவினீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது வைத்தியம். பூஞ்சை என்று உறுதியானால், ஸ்டீராய்டு கலக்காத, ஒரே ஒரு பூஞ்சை மருந்து மட்டும் இருக்கிற களிம்பு போதும். விரலிடுக்கோடு நிற்கிற நோய்க்கு டெர்பினாஃபின் 1% ஒன்று முதல் இரண்டு வாரம், லுலிகோனசோல் 1% ஒரு நாளைக்கு ஒரு வேளையாக இரண்டு வாரம், குளோட்ரிமசோல் 1% இரண்டு வேளையாக நான்கு வாரம் என்பது புத்தகக் கணக்கு. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் டெர்பினாஃபின் வகை, குளோட்ரிமசோல் வகையைவிடக் கொஞ்சம் மேல் என்று தெரிந்தது, வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் ஸ்டீராய்டு பூசிய தோலுக்கு இந்தக் கணக்கு போதாது. அதற்கு நான் நான்கு வாரத்துக்குக் குறைத்துத் தருவதில்லை, பார்வைக்கு மறைந்த பிறகும் இரண்டு வாரம் தடவச் சொல்கிறேன். இந்த நீட்டிப்பு என் அனுபவத்திலிருந்தும் நம் நாட்டு மருத்துவர்கள் பலரின் பழக்கத்திலிருந்தும் வருவது. எத்தனை வாரம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை. தடவும்போது அரிக்கிற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஓரத்துக்கு வெளியே நல்ல தோலாகத் தெரிகிற இடத்திலும் இரண்டு விரல் அகலம் தடவுங்கள். பூஞ்சை அங்கே ஏற்கெனவே போயிருக்கும்.

அப்புறம், பழைய டியூபை நிறுத்திய முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். சிவப்பு கூடும், அரிப்பு கூடும். புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பழையதற்கே திரும்பிவிடுகிறார்கள். இதை நான் ஒவ்வொருவருக்கும் முன்னாலேயே சொல்லி அனுப்புகிறேன். ராத்திரி ஒரு செட்ரிசின் 10 மில்லிகிராம் போட்டுக்கொண்டால் தூக்கம் வரும், சொறிவது குறையும். மறுநாள் காலை வண்டி ஓட்டுகிறவர்கள் மந்தமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அரிப்பு தாங்கவில்லை என்றால் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் வைத்தெடுத்து, நன்றாகத் துடைத்துக் காய வைத்து, அப்புறம் மருந்து தடவுங்கள். வெந்நீரில் காலை வைக்காதீர்கள். அந்த நிமிடத்துக்குச் சுகமாக இருக்கும், பிறகு இரண்டு மடங்கு அரிக்கும்.

புண்ணில் நீர் வடிந்தால் களிம்புக்கு முன்னால் பொட்டாசியம் பர்மாங்கனேட் தண்ணீர் நல்லது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. வீட்டில் அளக்க முடியாது என்பதால் வெளிர் ரோஜா நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிப்பூ நிறத்துக்குப் போனால் அதிகம். ஒரு கல்கூடக் கரையாமல் அடியில் கிடக்கக் கூடாது, கல் பட்ட இடம் வெந்துவிடும். பத்து நிமிடம் வைத்து எடுத்துத் துடைத்துவிடுங்கள். நீர் நின்றதும் இதையும் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் காய்ந்து வெடிக்கும். அரசு மருத்துவமனைகளில் விட்ஃபீல்டு ஆயின்மென்ட் என்று ஒன்று கொடுப்பார்கள். பென்சாயிக் ஆசிட் 6%, சாலிசிலிக் ஆசிட் 3%. நூறு வருடத்துக்கு மேல் பழையது. விரலிடுக்குப் புண்ணில் எரியும். உள்ளங்கால் தடித்துச் செதில் விடுகிறவர்களுக்கு இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.

மாத்திரை வேண்டுமா? பாதத்தின் மேல்பக்கம் ஏறியிருக்கிறது, ஆறு மாதம் ஸ்டீராய்டு பூசியிருக்கிறது என்றால் வேண்டியிருக்கலாம். நகமும் தடித்து மஞ்சளாகியிருந்தால் அதுதான் கிருமியின் கிடங்கு. களிம்பு மட்டும் போதவே போதாது. கால் நகத்துக்கு டெர்பினாஃபின் மாத்திரை மூன்று மாதம் தருவோம், நகம் முழுதாக வளர்ந்து மாற ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். ஆனால் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். இட்ராகோனசோல், கொழுப்புக்குச் சாப்பிடுகிற சில மாத்திரைகளோடு ஒத்துப்போகாது, இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. கீட்டோகோனசோல் மாத்திரையை, கல்லீரலைக் கெடுக்கும் என்பதால், பூஞ்சைக்குத் தருவதை நிறுத்தும்படி ஐரோப்பிய மருந்துகள் முகமை 2013-இலேயே பரிந்துரைத்தது. டெர்பினாஃபினுக்கும் இப்போது ஒரு சிக்கல் வந்திருக்கிறது. நம் நாட்டில் அந்த மருந்துக்கு மசியாத ஒரு பூஞ்சை பரவியிருக்கிறது. 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு ட்ரைக்கோபைட்டன் இந்தோட்டினியே என்று இந்தியாவின் பெயரிலேயே பெயர் வைத்தார்கள். அது பாதத்தைவிடத் தொடையிடுக்கிலும் இடுப்பிலும் அதிகம். உங்களுக்குத் தொடையிடுக்கிலும் அரிப்பு இருந்தால், கூச்சப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வைத்தியத்தின் போக்கே அதை வைத்து மாறும்.

மருதாணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மருதாணியில் இருக்கிற லாசோன் என்கிற பொருள் சோதனைக் கூடத்தில் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கிறது. தோலையும் கொஞ்சம் இறுக்கிக் காய வைக்கிறது. சேற்றுப்புண்ணுக்கு நம் பாட்டிமார் வைத்ததில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் படர்தாமரையை அது முழுதாக அழிக்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது. அம்மா மனது கோணாமல் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், வீட்டு மருதாணி இலையாக இருக்கட்டும், காய்ந்ததும் கழுவித் துடைத்துவிடுங்கள், ராத்திரி முழுக்க ஈரமாகக் கட்டி வைக்காதீர்கள். கடையில் விற்கிற கறுப்பு மருதாணி வேண்டவே வேண்டாம், அதில் தலைச்சாயத்தில் இருக்கிற ரசாயனம் கலந்திருக்கும், அலர்ஜி வந்தால் கொப்பளித்துவிடும். சீமை அகத்தி இலையை வண்டுகொல்லி என்று சொல்லிப் படர்தாமரைக்குத் தேய்ப்பார்கள். பிலிப்பைன்ஸில் அரசு சுகாதாரத் துறையே அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பூண்டையும் சுண்ணாம்பையும் மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். விரலிடுக்கில் பூண்டு அரைத்துக் கட்டி, மறுநாள் வெந்த புண்ணோடு வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

மருந்து பாதி, காய வைப்பது பாதி. வீட்டுக்கு வந்து காலைக் கழுவியதும், ஒவ்வொரு விரலாகப் பிரித்து இடுக்கைத் துடையுங்கள். அதற்கென்று தனியாக ஒரு பழைய வேட்டித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்; உடம்பு துடைக்கிற துண்டால் கடைசியில் காலைத் துடைத்து, மறுநாள் அதே துண்டால் தொடையிடுக்கைத் துடைப்பதுதான் நோய் மேலே ஏறுகிற வழி. அதே காரணத்துக்காக, நோய் ஆறும் வரை ஜட்டி போடுவதற்கு முன்னால் சாக்ஸைப் போட்டுவிடச் சொல்வேன். சாக்ஸ் பருத்தியில் இருக்கட்டும். இரண்டு ஜோடி எடுத்துப் போய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாற்றுங்கள், அந்த அரை மணி நேரமாவது ஷூவைக் கழற்றி வையுங்கள். முடிந்தால் இரண்டு ஜோடி ஷூ; ஒன்று ஒரு நாள் முழுக்க வெயிலில் காயட்டும். வேலையிடத்தில் ஷூவை மாற்ற முடியாதென்றால், மருத்துவர் சீட்டைக் காட்டிக் கொஞ்ச நாளைக்குத் திறந்த செருப்புக்கு அனுமதி கேளுங்கள். நான் அப்படி எழுதிக் கொடுத்த சீட்டுகளுக்குப் பெரும்பாலும் மேலாளர்கள் சம்மதித்திருக்கிறார்கள்.

சர்க்கரை விஷயம். கால் பூஞ்சை வந்துவிட்டதாலேயே சர்க்கரை இருக்கிறது என்று அர்த்தமில்லை, உங்கள் ஷூ ஒன்றே காரணமாக இருக்கப் போதுமானது. ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகமாக வரும், ஆற நாளாகும், வெடிப்பு வழியே கிருமி இறங்கினால் காலுக்கே ஆபத்தாகிவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 11.4% பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதனால் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுங்கள். பயத்துக்காக இல்லை, தெரிந்துகொள்வதற்காக. ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர் இதைப் படித்தால், விரலிடுக்குப் புண்ணுக்கு வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல் நேராக மருத்துவரிடம் போங்கள்.

பாதம் திடீரென்று வீங்கி, சூடாகி, சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறினாலோ, தொடையிடுக்கில் நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் வந்தாலோ, அன்றைக்கே போக வேண்டும். அது பூஞ்சை திறந்துவிட்ட வாசல் வழியாகப் பாக்டீரியா உள்ளே போனதன் அடையாளம். எங்கள் கும்பகோணம் பக்கம் யானைக்கால் வீக்கம் உள்ள முதியவர்களுக்கு இப்படி அடிக்கடி காய்ச்சல் வரும். ஒவ்வொரு தடவையும் வீக்கம் இன்னும் கொஞ்சம் கூடும். அவர்களுக்குத் தினமும் சோப்பு போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, பூஞ்சை மருந்து தடவச் சொல்லிக் கொடுத்தால் காய்ச்சல் வருவது நன்றாகவே குறைகிறது. இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில், தோலில் எந்தத் தடிப்பும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரித்தால் அது தோல் நோயே இல்லாமல் இருக்கலாம். பித்தம் சரியாக வடியாமல் ரத்தத்தில் சேர்வதால் வருவது, குழந்தைக்கு ஆபத்தாகலாம். களிம்பு தேடாமல் மறுநாளே பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

நிரந்தரமாகப் போகுமா என்றால், இப்போது இருக்கிற நோய் முழுதாகப் போகும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மறுபடி வரவே வராது என்று மட்டும் யாரும் உறுதி சொல்ல முடியாது, ஏனென்றால் ஷூவும் வியர்வையும் அங்கேயே இருக்கின்றன. பக்கத்தில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கே போகலாம், சுரண்டிப் பார்க்கிற வசதி அங்கே இருக்கும். பழைய டியூபைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள். போவதற்கு முன்னால், அம்மாவின் கால்விரல் இடுக்கையும் கால் நகத்தையும் ஒரு தடவை விரித்துப் பாருங்கள். பார்த்தவுடன் சேற்றுப்புண் என்று சொல்லத் தெரிந்தவருக்கு அது இருந்திருக்க வேண்டும், இன்னும்கூட இருக்கலாம். இருந்தால் இரண்டு பேரும் ஒரே நாளில் வைத்தியத்தை ஆரம்பியுங்கள்.